குடிநீரில் ஈயம்

ஈயம் கலந்த குடிநீரை நிறத்தாலோ சுவையாலோ அறிய இயலாது. காய்ச்சினாலும் ஈயம் நீங்காது. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்கிறது.

பெங்களூர் ஜார்ஜ் அறநிலையம் அந்நகர் உள்ளிட்ட ஏழு நகரங்களில் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்ட சிறுவர்களின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் குறையாத ஈயம் காணப்பட்டது. 2000-இல் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. எனினும் பி.வி.சி. குழாய்களில் சேர்க்கப்பட்ட ஈய உப்பு நீரில் கசியக்கூடும். 2021-ஆம் ஆண்டு விதிகள் அவ்வுப்பைப் படிப்படியாக விலக்குகின்றன. பழைய குழாய்களோ மண்ணுள் கிடக்கின்றன.

குடிநீரில் ஈயத்தின் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். இதனை ஆய்வகமே கண்டறியும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம், ஊரகக் குடிநீர் நிதியில் 2 விழுக்காடு வரை நீரின் தரத்தைச் சோதித்துக் கண்காணிக்கச் செலவிட இடமளித்தது.

இரவு முழுதும் குழாயில் தங்கிய நீரில் ஈயம் மிகுந்திருக்கும். ஆதலால் பள்ளிக் குழாயின் காலை முதல் நீரையே மாதிரியாக எடுத்தனுப்புதல் வேண்டும். சிறுவர் பருகுமுன் சிறிது நேரம் நீரை ஓடவிடுதல் நன்று.