கண்மாய்க் கணக்கை ஒன்றாகச் சேர்த்தல்

வருஷந்தோறும் நடைபெறும் ஜமாபந்தியை அறியாத விவசாயி நம் மதுரைச் சீமையில் இல்லை. ஒவ்வொரு கிராமத்தின் கணக்கையும் வட்டத் தலைமையிடத்திற்குக் கொணர்ந்து, சரிபார்த்து, ஒரே கணக்காக முடிப்பதே அதன் ஆதாரமான வேலை. கர்ணம் பதவி 1980-இல் ஒழிந்து, அவ்வேலை கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தது. பின்னர் பேரேட்டின் இடத்தைக் கணினியின் விரிதாள் பிடித்துக்கொண்டது. பல ஊர்க் கணக்குகளைச் சேர்க்கும்போது நேரும் பிழைகளோ போய்விடவில்லை. புதியன சில சேர்ந்தும் உள்ளன.

கண்மாய்ப் பட்டியல் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. மதுரை மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தன் போக்கில் ஒரு கோப்பைத் தயாரித்தால், அவற்றைச் சேர்க்கும்போது ஒரு கண்மாய் இரு பட்டியல்களில் ஏறலாம்; மற்றொன்று எதிலும் ஏறாமற் போகலாம். பட்டியலில் இல்லாத கண்மாய்க்குத் தூர் வாரும் மதிப்பீடு தயாராகாது. மடை பழுதாகி நிற்கும் அந்தக் கண்மாயின் ஆயக்கட்டுதாரருக்கு இது சிறிய விஷயமன்று.

இத்தகைய பிழை நம் ஊருக்கு மட்டும் உரியதென எண்ணலாகாது. 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, பரிசோதனைச் சாலைகளிலிருந்து வந்த கொரோனா முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்பில் சேர்த்து வந்தது. அவ்வகைக் கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது. மிகுந்தவை சத்தமின்றி விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகள் கணக்கில் ஏறவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணியும் அந்த அளவுக்குத் தாமதமாயிற்று. சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

ஆகவே, சேர்க்கத் தொடங்குமுன் எல்லாக் கோப்புகளையும் ஒரே அமைப்புக்குக் கொண்டுவருதல் வேண்டும். தலைப்புகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருக்கவேண்டும். ஒரு கோப்பில் 'ஆயக்கட்டு' என்றும் மற்றொன்றில் 'பாசனப் பரப்பு' என்றும் இருந்தால், கணினி அவற்றை இரு வேறு விஷயங்களாகவே கொள்ளும். பரப்பு ஏக்கரிலா ஹெக்டேரிலா என்பதையும் முன்னரே முடிவு செய்தல் நலம். ஒரு ஹெக்டேர் 2.471 ஏக்கர். பட்டாவில் 0-45.50 என்றிருப்பது 45.50 ஏர், அதாவது 0.4550 ஹெக்டேர்; சுமார் 1 ஏக்கர் 12 சென்ட். இதனை அவசரத்தில் 45.50 ஹெக்டேர் எனப் பதிந்தால் பரப்பு நூறு மடங்காகிவிடும்! வருஷத்திலும் இத்தகைய குழப்பம் உண்டு. பயிர்க் கணக்கு பசலியைப் பின்பற்றுவது. பசலி 1434 என்பது 2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரை. ஊராட்சியின் வரவு செலவோ ஏப்ரலில் தொடங்குவது. இரண்டையும் ஒரே கலத்தில் போடலாகாது.

புல எண்ணில் ஒரு வேடிக்கையான ஆபத்து உண்டு. 12/3 என்ற உட்பிரிவை அடித்தவுடன் எக்செல் அதனை மார்ச் 12 என்ற தேதியாக மாற்றிவிடும். மரபணு ஆராய்ச்சியாளர்களே இத்தொல்லைக்குத் தப்பவில்லை. தேதிபோல் தோன்றிய சில மரபணுக்களின் பெயரையே 2020-இல் மாற்றவேண்டியதாயிற்று. நாம் புல எண்ணை மாற்ற இயலாது. அக்கலத்தை முன்கூட்டியே 'டெக்ஸ்ட்' என அமைத்துக்கொள்ளவேண்டும்.

அடுத்தது பெயர். 'பெரிய கண்மாய்' எத்தனை ஊரில் இல்லை? பெயரை மட்டும் நம்பினால் வெவ்வேறு கண்மாய்கள் ஒன்றாகிவிடும். வருவாய்க் கிராமம், புல எண் ஆகிய இரண்டையும் சேர்த்தே ஒரு கண்மாயை அடையாளங் காணவேண்டும். ஊராட்சிக்கு மத்திய அரசின் உள்ளாட்சி அடைவில் தனிக் குறியீட்டு எண் உண்டு. அதனையும் ஒரு கலத்தில் இடுக.

சேர்க்கும் வேலை இதன்பின் எளிது. கோப்புகளின் பிரதிகளை ஒரே உறையில் வைத்து, எக்செலில் 'டேட்டா' பகுதியின் 'கெட் டேட்டா' வழியே 'ஃப்ரம் ஃபோல்டர்' என்பதைத் தேர்ந்து 'கம்பைன்' செய்தால், எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துவிடும். எந்த வரி எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதற்கும் ஒரு கலம் தானே அமையும், அதனை நீக்கிவிடவேண்டாம். ஒன்று நினைவிருக்கட்டும்: கருவி முதற்கோப்பையே மாதிரியாகக் கொள்வதால், அதில் இல்லாத தலைப்பு மற்றக் கோப்புகளில் இருந்தால் அது சொல்லாமல் விடுபடும்.

முடிந்ததும் தனிக் கோப்புகளின் வரி எண்ணிக்கையைக் கூட்டி, சேர்த்த கோப்பின் எண்ணிக்கையோடு ஒப்பிடுக. ஆயக்கட்டின் மொத்தத்தையும் அவ்வாறே ஒப்பிடுக. பின்னர் கிராமமும் புல எண்ணும் ஒன்றாக வரும் வரிகளைத் தேடுக. இரு வரிகள் ஒத்திருந்தால் உடனே ஒன்றை அழித்துவிடலாகாது. இரு ஊராட்சிகளுக்குப் பொதுவான கண்மாயாக இருக்கலாம். அதனை இரு ஊர் உறுப்பினர்களும் பாசன விவசாயிகளும் கரையில் நின்று பார்த்தே முடிவு செய்யவேண்டும்.