நானூறு கிலோ எங்கே போச்சு?



முதலாமாண்டு கெமிஸ்ட்ரியில் அரியர் வைத்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால், முதல் கை என்னுடையதாகத்தான் இருக்கும். அதிலும் ஸ்டாய்க்கியோமெட்ரி என்ற பெயரைக் கேட்டாலே எனக்குக் காய்ச்சல் வரும். அந்தப் பாடம் எனக்குப் புரிந்தது வகுப்பில் அல்ல, எங்க ஊர்ச் சுண்ணாம்புக் காளவாயில். அந்தக் கதையோடு பாடத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

என் சித்தப்பா அங்கே மேஸ்திரி. ஒரு லீவுக்குப் போயிருந்தபோது வீட்டில் யாருமே சரியாகப் பேசவில்லை. விசாரித்தால், காளவாய்க்குப் புதிதாகக் கணக்குப் பார்க்க வந்தவர், "1000 கிலோ கல் உள்ளே போகுது, 600 கிலோ சுண்ணாம்புதான் வெளியே வருது. மீதி 400 கிலோ எங்கே மேஸ்திரி?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாராம். சித்தப்பா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. "ஏம்பா, நீ படிக்கிற புள்ளதானே, வெந்தா எடை குறையும்னு எனக்குத் தெரியும். எவ்வளவு குறையும்னு எழுதிக் காட்ட எனக்குத் தெரியலியே" என்றார்.

அன்று ராத்திரிதான் புத்தகத்தை முதல்முறையாக ஒழுங்காகத் திறந்தேன்.

முதல் படி: சமன்பாடு. கல் என்பது கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு, ஆகவும் கார்பன் டை ஆக்சைடு வாயுவாகவும் பிரிகிறது. ஒரு மூலக்கூறு கல்லுக்கு ஒரு மூலக்கூறு சுண்ணாம்பு, ஒரு மூலக்கூறு வாயு.

இரண்டாம் படி: எடையை மோலாக மாற்றுவது. மோல் என்றால் பயப்பட வேண்டாம். டஜன் என்றால் 12 என்பது போல மோலும் ஓர் எண்ணிக்கைதான், கொஞ்சம் பெரிய எண்ணிக்கை. கால்சியம் 40, கார்பன் 12, மூன்று ஆக்சிஜன் 48, ஆக மொத்தம் 100. எனவே ஒரு மோல் கல் 100 கிராம். 1000 கிலோ என்பது 10,00,000 கிராம், அதாவது 10,000 மோல்.

மூன்றாம் படி: விகிதம். ஒன்றுக்கு ஒன்று என்பதால் சுண்ணாம்பும் 10,000 மோல்.

நான்காம் படி: மோலை மறுபடி எடையாக்குவது. சுண்ணாம்பு ஒரு மோல் 56 கிராம். ஆகவே 560 கிலோ. மீதி 440 கிலோ வாயுவாகப் புகையோடு போய்விட்டது! ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜோசப் பிளாக் 1756-லேயே இதை வெளியிட்டிருக்கிறார். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் எடை குறைவது உள்ளே கட்டுண்டு கிடக்கும் காற்று வெளியேறுவதால்தான் என்று நிறுத்துக் காட்டியவர் அவர்.

மறுநாள் காகிதத்தோடு போனேன். கணக்குப்பிள்ளை படித்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, உன் கணக்குல 560. இங்க வர்றது 600. உன் கணக்கே தப்பா இருக்கே, இதை எப்படி நம்புறது?"

எனக்கு முகமே செத்துப் போச்சு. யோசித்துப் பார்த்தபோதுதான் தப்பு தெரிந்தது. கல் முழுவதும் சுத்தம், முழுவதும் வெந்தது என்று நானாக வைத்துக்கொண்டேன். உண்மையில் கல்லில் மண் இருக்கும், நடுவில் வேகாத கட்டியும் இருக்கும். எனவே கணக்கைத் திருப்பிப் போட்டேன். குறைந்த எடை 400 கிலோ. 44 கிலோ வாயு போக 100 கிலோ கல் வேக வேண்டும் என்றால், 400 கிலோ போக 909 கிலோ கல் வெந்திருக்க வேண்டும். அதிலிருந்து சுண்ணாம்பு 509 கிலோ. வேகாததும் மண்ணுமாக 91 கிலோ. இரண்டும் சேர்ந்தால் சரியாக 600!

"சார், நான் சொல்றது நிஜம்னா, இதில் பத்து கிலோ எடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ நீற்றாமல் நிற்கணும். யாராவது நடுவில் சுண்ணாம்பை எடுத்திருந்தால் இந்தக் கணக்கு இடிக்கும்" என்றேன்.

சித்தப்பாவே பத்து கிலோவை எடுத்துத் தொட்டியில் போட்டு நீர் ஊற்றினார். கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து என்று எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். 56 கிலோ சுண்ணாம்புக்கு 18 கிலோ தண்ணீர் போதும் என்பது கணக்கு. ஆனால் சூட்டில் நிறைய ஆவியாகிவிடுவதால் அவர் கூடுதலாகவே ஊற்றினார். நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, நின்றுபோன கட்டியையும் மண்ணையும் கழுவி நிறுத்தோம். ஒரு கிலோ அறுநூறு. கொஞ்சம் ஈரம் சேர்ந்த எடை.

கணக்குப்பிள்ளை வெகுநேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மேஸ்திரி, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். சித்தப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று மதியம் சாப்பிட்டார்.

தோழர்களே, பரீட்சைக்கு இரண்டு விஷயம் மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, கிராமை வைத்து விகிதம் போடாதீர்கள். மோலை வைத்துத்தான் போட வேண்டும். இரண்டு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு மோல் தண்ணீர். எடையில் பார்த்தால் 4 கிராமும் 32 கிராமும் சேர்ந்து 36 கிராம். இங்கே 2-க்கு 1 என்று கிராமில் போட்டால் மார்க் முட்டைதான்.

இரண்டு, எது முதலில் தீர்கிறதோ அதுதான் விளைச்சலை முடிவு செய்யும். சைக்கிள் கடையில் 10 ஃப்ரேமும் 14 சக்கரமும் இருந்தால் 7 சைக்கிள்தான் பூட்டலாம். அதேபோல 4 கிராம் ஹைட்ரஜனுக்கு 16 கிராம் ஆக்சிஜன்தான் இருந்தால், 18 கிராம் தண்ணீர் வரும், 2 கிராம் ஹைட்ரஜன் சும்மா நிற்கும். இதைத்தான் லிமிட்டிங் ரியேஜெண்ட் என்கிறார்கள்.

1792-ல் ஜெர்மானியரான ரிக்டர் இந்தத் துறைக்கு வைத்த பெயருக்கு, தனிமங்களை அளப்பது என்று பொருள். உள்ளே போனதும் வெளியே வந்ததும் கணக்கில் நேராக வேண்டும், அவ்வளவுதான் பாடம். நேராகவில்லை என்றால் உடனே ஆளைச் சந்தேகப்படாமல், முதலில் சமன்பாட்டைப் பாருங்கள், அப்புறம் நாம் எதைச் சும்மா வைத்துக்கொண்டோம் என்று பாருங்கள்.

அடுத்த பரீட்சையில் அரியர் போய்விட்டது. உங்களுடையதும் போக வாழ்த்துகள்!