குளிர்கடலில் சென்சார் தடுமாறினால்

மேல்தளத்தில் சரியாக அளந்த சென்சார், கடலில் இறங்கியதும் தாறுமாறாகக் காட்டுகிறதா? சென்சாரைக் குறை சொல்லுமுன் கனெக்டரைப் பாருங்கள். ஆர்க்டிக் பகுதியின் கோங்ஸ்ஃபியோர்டனில் 2014-இல் இந்தியா 192 மீட்டர் ஆழத்தில் நிறுத்திய இன்டார்க் போன்ற கருவிகளை நினைத்த நேரத்தில் மேலே எடுத்துப் பார்க்க முடியாது. சோதனை கரையிலேயே முடிய வேண்டும்.

குளிரில் ரப்பர் விறைக்கும். கனெக்டர் முழுதாகச் செருகியதுபோல் தோன்றும். உள்ளே ஒரு நூலிழை இடைவெளி இருக்கும். உப்புநீர் புக அது போதும். எனவே கதகதப்பான அறையில் ஈரம் துடைத்து, சிலிகோன் கிரீஸை மெல்லிசாகத் தடவி, நேராக அழுத்திச் செருகுங்கள். அப்பிவிட்டால் அதுவே முழுதாகச் செருகவிடாது. பெட்ரோலிய கிரீஸ் கூடவே கூடாது, ரப்பர் ஊதிப்போகும். பூட்டுவளையத்தைக் கையால் முறுக்கினால் போதும், குறடு வேண்டாம்.

பின்னில் பச்சை பூத்திருந்தால் தண்ணீர் ஏற்கெனவே புகுந்துவிட்டது. கேபிளை மாற்றிப் பாருங்கள். கோளாறும் கூடவே போனால் குற்றவாளி கேபிள்தான். மெகர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைக்குமுன் இரு முனையையும் கட்டாயம் கழற்றுங்கள், இல்லையேல் சென்சார் கருகும். கழற்றும்போது கனெக்டரைப் பிடித்து இழுங்கள், கேபிளை அல்ல.

இறக்குமுன், இணைத்த கனெக்டரை உப்பிட்ட ஐஸ் தண்ணீர் வாளியில் சில மணி நேரம் ஊறவிட்டு அளவைக் கவனியுங்கள்.