முட்டிக்கு ஒரு நாற்றங்கால்

எங்க அத்தை முப்பது வருஷம் போடிமெட்டுக்கு மேல ஏலக்காட்டுல காய் எடுத்தவங்க. இப்போ மாடிப்படி இறங்கணும்னா கைப்பிடிச் சுவர் வேணும். போன லீவுல கேட்டாங்க: "ஏப்பா, செல்லை வளர்த்து முட்டியில வைக்கிறாங்களாமே, எனக்கு ஆகுமா?" படிச்சுட்டு சொல்றேன்னு தப்பிச்சேன். படிச்சதை உங்களுக்கும் சொல்றேன்.

நம்ம மூட்டுல எலும்பு முனைகளை மூடியிருக்கிற வழுவழுப்பான உறைதான் குருத்தெலும்பு. சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதுல ரத்தக்குழாய் கிடையாது. அதனால காயம் பட்டா தானா சரியா ஆறாது. நரம்பும் கிடையாது, அதனால தேய ஆரம்பிக்கும்போது நமக்குத் தெரியறதும் இல்லை.

ஏலத்தோட்டத்துல ஒரு செடி பட்டுப்போனா என்ன செய்வோம்? நாற்றங்கால்ல வளர்த்த நாற்றை அந்தக் குழியில நடுவோம். டாக்டர்கள் செய்யறதும் அதேதான். மூட்டுல பாரம் விழாத ஓரத்துல இருந்து துளி குருத்தெலும்பை எடுத்து, அதிலுள்ள செல்களைப் பிரித்து, லேப்ல சில வாரம் பெருக்குவாங்க. அப்புறம் இரண்டாவது ஆபரேஷன்ல பள்ளத்துல வைத்து மூடுவாங்க. அவரவர் செல்தான், அதனால உடம்பு எதிர்க்காது.

ஸ்வீடன்ல 1987-ல் இதை முதன்முதலா மனிதருக்குச் செய்தாங்க. பிரிட்பெர்க், பீட்டர்சன் குழு 1994-ல் 23 பேரோட முடிவை வெளியிட்டது. தொடை எலும்பு முனையில் வைத்த 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன். முட்டிச் சில்லில் வைத்த 7 பேரில் 2 பேருக்குத்தான். வைக்கிற இடத்தைப் பொறுத்து பலன் எவ்வளவு மாறுது பாருங்க.

இந்தியாவுல ரீக்ரோ நிறுவனத்தோட இதே மாதிரி சிகிச்சைக்கு 2017-ல் அனுமதி கிடைச்சது. வேலூர் சி.எம்.சி.-யில் குழந்தைகளோட எலும்பு வளர்ச்சித் தட்டைச் சரிசெய்ய இந்தச் செல்களைப் பயன்படுத்திப் பார்த்திருக்காங்க.

நமக்கு இங்க வேலை இருக்கு. தட்டையான தட்டுல பெருக்கினா இந்தச் செல்கள் தங்களோட குணத்தை மறந்து, வெறும் தழும்புத் திசுவை உண்டாக்கற செல் மாதிரி ஆயிடும். அதைத் தடுக்க முப்பரிமாணச் சாரம் வேணும். மெட்டீரியல்ஸ் படிக்கிறவங்க கவனிங்க.

சரி, அத்தைக்கு என்ன பதில்? ஒரு செடி போன குழியில நாற்று நடலாம். சரிவே சரிஞ்ச இடத்துல நட்டா நிக்காது. இந்தச் சிகிச்சை முக்கியமா சின்ன வயசுல, அடிபட்டு உண்டான தனிப் பள்ளத்துக்கு. மூட்டு முழுசும் தேஞ்ச அத்தைக்கு ஆகாது. தொடைத் தசைக்குப் பயிற்சி, எடைக் கட்டுப்பாடு, கடைசியா மூட்டு மாற்று, இதுதான் வழின்னு சொன்னேன்.

"அப்ப எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும்"னாங்க.

அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். கபடியில, ஃபுட்பால்ல அடிபட்டு முட்டி வீங்கினா, மடக்கும்போது சிக்கினா, தைலம் தேய்ச்சுட்டு விட்டுடாதீங்க. எலும்பு டாக்டரைப் பாருங்க. பள்ளம் சின்னதா இருக்கும்போதுதான் நாற்று பிடிக்கும்.