கூலிம் காட்டும் வழி

விண்வெளித் தொழில் என்றதும் நெருப்பைக் கக்கிக்கொண்டு மேலெழும் ராக்கெட்தான் பலரின் நினைவுக்கு வரும். ஆனால், ராக்கெட் ஏவுதல் அத்தொழிலின் ஒரு பகுதி மட்டுமே. செயற்கைக்கோளின் உடலைச் செய்ய எடை குறைந்த உறுதியான பொருள் வேண்டும். அதன் மூளையாக இயங்க மின்னியல் சில்லுகள் வேண்டும். அது அனுப்பும் படங்களைப் பெற்று, வெள்ளம், நெல் விளைச்சல், காட்டுத் தீ ஆகியவற்றைக் கணிக்க வல்லுநர்கள் வேண்டும். ஏவுதளம் இல்லாத ஊரும் விண்வெளித் தொழிலில் பங்கு பெற முடியும் என்பதையே இது காட்டுகிறது.

கெடா மாநிலம் ஏவுதளத்துக்கு ஏற்ற இடமன்று. பெரும்பாலான ராக்கெட்டுகள் பூமி சுழலும் திசையான கிழக்கு நோக்கி ஏவப்படுகின்றன. எரிந்து முடிந்த பாகங்கள் கடலில் விழ வேண்டும். கெடாவுக்குக் கிழக்கே மக்கள் வாழும் நிலமே பரந்து கிடக்கிறது. எனவே, தன்னால் இயலாததை விட்டு, இயன்றதைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

இயன்றவை சில ஏற்கெனவே இங்கு உள்ளன. தாய்லாந்து எல்லையை ஒட்டிய புக்கிட் காயு ஹீத்தாமில் போயிங் விமானங்களுக்கான கூட்டுப்பொருள் பாகங்கள் செய்யப்படுகின்றன. இத்தகைய இலேசான கூட்டுப்பொருள்களே ராக்கெட்டுகளிலும் செயற்கைக்கோள்களிலும் பயன்படுகின்றன. லங்காவித் தீவில் தேசிய வானாய்வு நிலையம் அமைந்துள்ளது. அதே தீவில் 1991 முதல் நடந்துவரும் லீமா கண்காட்சிக்கு உலகின் வானூர்தி நிறுவனங்கள் வருகின்றன. மாநிலத்தின் தெற்கே, கூலிமில், சில்லுத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன.

கூலிம் இந்த நிலையை ஒரே நாளில் அடைந்துவிடவில்லை. ரப்பர் மரங்களும் செம்பனைகளும் சூழ்ந்திருந்த அவ்வட்டாரத்தில், நாட்டின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. வெளிநாட்டு முதலீட்டாளர் ஒருவர் ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் பல கேள்விகளைக் கேட்பார். மின்சாரம் தடையின்றிக் கிடைக்குமா? தூய நீர் போதிய அளவு உண்டா? துறைமுகமும் விமான நிலையமும் எவ்வளவு தொலைவில் உள்ளன? சில்லுத் தொழிற்சாலையில் மின்சாரம் கண்ணிமைக்கும் நேரம் தடைபட்டாலும், செய்துகொண்டிருக்கும் பொருள் வீணாகக்கூடும். கூலிம் இவற்றுக்கெல்லாம் விடை வைத்திருந்தது. பினாங்கின் துறைமுகமும் விமான நிலையமும் அருகிலேயே இருந்தது பெருந்துணையாயிற்று. இண்டெல் போன்ற நிறுவனங்கள் அங்கு வந்தன. ஜெர்மனியின் இன்பினியோன் நிறுவனம் 2006இல் தன் ஆலையைத் திறந்தது. அதன் புதிய ஆலையின் முதல் கட்டம் 2024 ஆகஸ்டு மாதம் திறப்பு விழாக் கண்டது.

நிலம், நீர், மின்சாரம் ஆகியவற்றை அரசு ஏற்பாடு செய்துவிடலாம். நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. ‘இங்கு வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்களா?’ என்பதே அது. இதற்கு விடை காணப் பல ஆண்டுகள் ஆகும். கூலிம் பூங்காவில் துவாங்கு சுல்தானா பாஹியா பலதொழில்நுட்பக் கல்லூரியும் கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகத்தின் மலேசிய ஸ்பானியக் கழகமும் தொழிற்சாலைகளுக்கு அருகிலேயே அமைந்ததற்குக் காரணம் இதுதான். படிக்கும் இடத்துக்கும் பணிபுரியும் இடத்துக்கும் உள்ள தூரம் குறைந்தால், பாடமும் தொழிலும் ஒன்றையொன்று வளர்க்கும்.

மலேசியாவின் விண்வெளி வரலாறும் இதனையே உணர்த்துகிறது. நாட்டின் முதல் நுண்செயற்கைக்கோளான தியோங்சாட் 1, 2000ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் கஜகஸ்தானிலுள்ள பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டது. அதற்கு முன்னர், மலேசியப் பொறியாளர்கள் இங்கிலாந்தின் சர்ரே வட்டாரத்துக்குச் சென்று, அங்குள்ள வல்லுநர்களோடு சேர்ந்து அதனை உருவாக்கினர். செயற்கைக்கோளோடு அதனைச் செய்யும் திறனும் நாட்டுக்குக் கிடைத்தது. 2009இல் ராசாக்சாட் விண்ணுக்குச் சென்றது. 2019இல் மலேசிய விண்வெளி முகவாண்மை தோன்றியது. 2022இல் மலேசிய விண்வெளி வாரியச் சட்டம் இயற்றப்பட்டது. தெளிவான சட்டம் இருக்கும் நாட்டில்தான் முதலீட்டாளர் துணிந்து பணம் போடுவார்.

கடல் கடந்து தமிழ்நாட்டிலும் இம்முயற்சி நடைபெறுகிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் கடலோர ஊரான குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து தெற்கு நோக்கி ஏவப்படும் சிறிய ராக்கெட், இலங்கையைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டியதில்லை; எரிபொருள் மிச்சமாகும். இயற்கை தந்த இந்த வாய்ப்போடு நின்றுவிடாமல், தமிழ்நாட்டு அரசு 2025இல் விண்வெளித் தொழில் கொள்கையையும் வகுத்தது. வல்லுநர்களுக்கு நிறுவனங்கள் தரும் ஊதியத்தில் ஒரு பகுதியை ஈடுசெய்யும் திட்டமும் அதில் இடம்பெற்றுள்ளது. இயந்திரங்களை ஈர்ப்பதைவிட மனிதர்களை ஈர்ப்பது கடினம் என்பதை அக்கொள்கை உணர்ந்திருக்கிறது.

கெடாவின் தோட்டப்புற மக்களுக்கு இச்செய்தியில் தனிப் பொருள் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, பல குடும்பங்கள் வேலையோடு லயத்து வீட்டையும் இழந்தன. பால்மரம் சீவுவதில் கைதேர்ந்தவர்களுக்குப் புதிய ஆலைகளில் அத்திறன் பயன்படவில்லை. காவலர் வேலையும் துப்புரவு வேலையுமே பலருக்குக் கிட்டின. எந்த வேலையும் இழிவானதன்று. எனினும், ஊருக்குள் வந்த தொழிலின் நுட்பம் ஊராருக்கு எட்டாமல் போனால், வளர்ச்சி அவர்கள் வீட்டு வாசலோடு நின்றுவிடும். ஆலைக்கு வேண்டிய பொறியாளர்கள் வெளியூரிலிருந்து வருவார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளோ வேலை தேடி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் செல்வார்கள்.

இந்நிலையை மாற்றும் வழிகள் எட்டாதவை அல்ல. படிவம் மூன்றிலேயே அறிவியல், தொழில்நுட்பப் பாடங்களை அஞ்சாமல் தேர்ந்தெடுக்க மாணவர்களுக்கு ஊக்கம் வேண்டும். பல்கலைக்கழகம் ஒன்றே வழி என்று எண்ணாமல், மலேசியத் திறன் சான்றிதழ், பலதொழில்நுட்பக் கல்லூரி ஆகிய பாதைகளையும் பெற்றோர் அறிய வேண்டும். தொழிற்சாலைகள் அருகிலுள்ள பள்ளிகளுக்குத் தங்கள் கதவுகளைத் திறந்துவிடலாம். பிறந்த ஊரிலேயே நல்ல வேலையும் நல்ல பள்ளியும் நல்ல மருத்துவமனையும் இருந்தால், படித்தவர்கள் திரும்பி வரத் தயங்கமாட்டார்கள்.

பாடாங் செராயிலும் லூனாசிலும் விடியும் முன்னே தொழிற்சாலைப் பேருந்துக்காகக் காத்திருப்போர் பலர். அவர்களின் தாத்தாவும் பாட்டியும் அதே நேரத்தில்தான் பால்வாளியோடு மரம் சீவப் புறப்பட்டார்கள். நாளை அவ்வழியே செல்லும் பேருந்தில், செயற்கைக்கோளுக்குரிய சில்லைச் சோதிக்கும் தோட்டத்துப் பெண் ஒருத்தியும் அமர்ந்திருக்கலாம். அவளுக்குரிய இருக்கை இன்றைய வகுப்பறையில்தான் தயாராகிறது.