புயலும் கூரையும்
கடலோர வீட்டை ஆயத்தப்படுத்தும் முறை

வங்காள விரிகுடாவை அடுத்த நம் நாட்டுக் கடற்கரை ஆண்டில் இரு பருவங்களில் புயலுக்கு உள்ளாகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலம் ஒன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலம் மற்றொன்று. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஒடிசாவில் பாராதீப் அருகே கரை கடந்த பெரும் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் அதே மாநிலத்தில் கோபால்பூர் அருகே ‘பைலின்’ என்னும் கடும்புயல் கரை கடந்தது. அப்போது ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். உயிரிழந்தோர் நூற்றுக்கும் குறைவே.

இது பெரிய முன்னேற்றம். ஆயினும், பைலின் புயலிலும் லட்சக்கணக்கான வீடுகள் சேதமுற்றன. உயிரோடு திரும்பிய குடும்பம் கூரையற்ற சுவர்களைக் காணுமாயின், அதன் துன்பம் பல ஆண்டுகள் நீடிக்கும். மேலும், வீட்டைப் பற்றிய அச்சமே பலரை உரிய நேரத்தில் வெளியேறவொட்டாமல் தடுக்கிறது. ஆகவே, வீட்டைப் பலப்படுத்துவது உயிரைக் காக்கும் பணியின் ஒரு பகுதியே ஆகும்.

காற்று கூரையை என்ன செய்கிறது?

புயற்காற்று வீட்டைத் தள்ளிச் சாய்ப்பதாகவே பொதுவாக எண்ணுகிறோம். உண்மையில், பெரும்பாலும் கூரையே முதலில் மேல்நோக்கிப் பிடுங்கப்படுகிறது. இதை வகுப்பில் எளிதில் விளக்கலாம். ஒரு காகிதத் துண்டின் ஓரத்தை உதட்டருகே பிடித்து, அதன் மேற்பரப்பையொட்டி ஊதினால், தொங்கிக் கொண்டிருந்த காகிதம் மேலே எழும். கூரையின் மீது வளைந்து விரைந்தோடும் காற்றும் அவ்வாறே மேற்புற அழுத்தத்தைக் குறைத்து, கூரையை உறிஞ்சி உயர்த்துகிறது. காற்று வரும் திசையிலுள்ள கதவோ சன்னலோ உடைந்துவிட்டால், உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்தும் தள்ளுகிறது. இவ்விரு விசைகளும் சேரும்போதே கூரை பறக்கிறது.

விசையின் அளவையும் கணக்கிடலாம். காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் மீதான அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். மணிக்கு 180 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 50 மீட்டர். எனவே அழுத்தம் 1,500 நியூட்டன். அதாவது ஏறக்குறைய 150 கிலோகிராம் எடைக்குச் சமம். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பது கவனிக்கத்தக்கது. கூரையின் இறவாணத்திலும் மூலைகளிலும் உறிஞ்சும் விசை மற்ற இடங்களைவிட அதிகம். ஆனால் ஒரு சதுர மீட்டர் தகரக் கூரையின் எடையோ ஆறேழு கிலோகிராமே. கூரையைத் தாங்கி நிற்பது அதன் எடையன்று, கட்டே என்பது இதிலிருந்து விளங்கும்.

கட்டு ஒரு சங்கிலி

கூரைத் தகடு சட்டத்தோடும், சட்டம் கைமரத்தோடும், கைமரம் உத்தரத்தோடும், உத்தரம் தூணோடு அல்லது சுவரோடும், அது அடித்தளத்தோடும் பிணைக்கப்பட வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்திருந்தாலும் மற்றவை பயன்படமாட்டா.

1. தகரத்தை வெறும் ஆணியால் அறைந்தால், அது எளிதில் பிடுங்கிக்கொள்ளும். வளைந்த முனையுள்ள போல்ட்டையும் அகன்ற வாஷரையும் கொண்டு பொருத்துக. ஓரங்களிலும் முகட்டிலும் இவற்றை நெருக்கமாக இடுக.

2. மரங்கள் சந்திக்கும் இடங்களை இரும்புப் பட்டையாலோ முறுக்கிய கம்பியாலோ கட்டுக.

3. தூணின் அடியில் குறுக்குக் கட்டை பொருத்தி ஆழப் புதைத்து, மண்ணை நன்கு இடித்துக் கெட்டிப்படுத்துக.

4. ஓலை அல்லது வைக்கோல் கூரையின் மீது கயிற்றை வலைபோல் குறுக்கும் நெடுக்கும் விரித்து, அதன் முனைகளைக் கூரைச் சட்டத்தில் இறுகக் கட்டுக. கூரைமேல் கல்லை ஏற்றுவது தவறு. பறக்கும் கல் ஆளைக் கொல்லும்.

5. புதிதாகக் கட்டுவோர் நாற்புறமும் சரிந்த கூரையை அமைத்து, இறவாணத்தை அதிகம் நீட்டாதிருப்பது நலம்.

இவற்றை மார்ச்சிலும் செப்டம்பரிலும், அதாவது புயற்பருவம் தொடங்குமுன், முடித்துவிட வேண்டும்.

எச்சரிக்கை வந்தபின்

இந்திய வானிலை ஆய்வுத் துறை நான்கு நிலைகளில் அறிவிப்பு விடுக்கிறது. முதல் நிலை 72 மணி நேரத்துக்கு முன்னர் வருவது. மஞ்சள் நிற எச்சரிக்கை 48 மணி நேரத்துக்கு முன்னர் வரும். அப்போது கட்டுகளைச் சோதித்து, உலர்ந்த கிளைகளை வெட்டி, குடிநீரும் உலர் உணவும் சேகரிக்க வேண்டும். ஆரஞ்சு நிற எச்சரிக்கை 24 மணி நேரத்துக்கு முன்னர் வரும். பத்திரங்களை பாலிதீன் உறையில் இட்டுக் கட்டி, முற்றத்தில் கிடக்கும் பொருள்களை உள்ளே எடுத்து, கதவு சன்னல்களைப் பலகையால் அடைக்க வேண்டும். சிவப்பு நிற அறிவிப்பு 12 மணி நேரத்துக்கு முன்னர் வருவது. ஊரார் புறப்பட வேண்டியிருப்பின் அதற்குள் புறப்பட்டிருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, கால்நடைகளை அவிழ்த்துவிட்டே வெளியேறுக.

நினைவில் இருத்த வேண்டிய இரு செய்திகள் உள. முதலாவது, புயலின் மையம் ஊரைக் கடக்கும்போது காற்று திடீரென ஓயும். அது புயலின் முடிவன்று. சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே உக்கிரத்துடன் காற்று வீசும். அந்த இடைவேளையில் கூரையைப் பார்க்க வெளியே வருவது பேராபத்து.

இரண்டாவது, எந்தக் கட்டும் கடலைத் தடுக்காது. 1977ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் ஆந்திரத்துத் திவிசீமாவில் பல்லாயிரவரைக் கொன்றது பெரும்பாலும் கரையேறிய கடல்நீரே. தாழ்ந்த நிலத்தில் உள்ளோர், வீடு எத்துணை வலிமையாயினும், ஆணை வந்ததும் வெளியேறியே ஆக வேண்டும்.

ஆசிரியருக்கு

மாணவர்கள் தத்தம் வீட்டுக் கூரையின் நீள அகலங்களை அளந்து வரட்டும். ஆறு மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் உள்ள கூரையின் பரப்பு 30 சதுர மீட்டர். மேற்கூறிய காற்றில் அதன்மேல் செயற்படக்கூடிய விசை ஏறக்குறைய நாலரை டன் எடைக்குச் சமம். அவ்விசையை எத்தனை கட்டுகள் தாங்குகின்றன என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும். அன்று மாலை அவ்வீடுகளில் ஓரிரண்டிலாவது பெரியவர்கள் ஏணி வைத்து ஏறிப் பார்ப்பாராயின், பாடம் பயன் தந்ததாகக் கொள்ளலாம்.