பழைய கேபிளும் புதிய டெலிவிஷனும்

அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

சென்ற தீபாவளியை ஒட்டி, செல்லூரில் தறி நெய்யும் நம் அங்கத்தினர் ஒருவர், ஓராண்டு சேமித்த பணத்தைக் கொண்டு 43 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை வாங்கினார். கடையில் கண்ணாடி போலத் தெளிவாக இருந்த படம், வீட்டில் கேபிளை இணைத்ததும் மங்கலாயிற்று. முகங்கள் மெழுகு பூசியவை போலவும், ஓடும் எழுத்துக்கள் ஓரம் பிசிறடித்தும் காணப்பட்டன. "பழைய பெட்டியே தேவலை" என்றனர் வீட்டார். கடைக்காரரோ பெட்டியில் பழுது இல்லை என்றார். இருவர் சொன்னதும் உண்மையே. இஃது எவ்வாறு என்பதை ஆராய்ந்தால், அடுத்து வாங்கப்போகும் அங்கத்தினரின் பணமாவது வீணாகாது.

நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலானவற்றில் டெலிவிஷன் நுழைந்த வரலாறு யாவரும் அறிந்ததே. 2006ஆம் ஆண்டு தொடங்கிய அரசின் இலவசத் திட்டத்தில் 14 அங்குல வண்ணப் பெட்டிகள் வந்தன. 2011இல் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தரத் தொடங்கியது. 2017இல் அதே நிறுவனம் டிஜிட்டல் செட்டாப் பாக்ஸ்களை வழங்க ஆரம்பித்தது. இங்கேதான் ஒரு தவறான எண்ணம் பரவியது. டிஜிட்டல் என்றாலே எச்.டி. என்று பலர் நினைத்துவிட்டனர். அவ்வாறன்று. டிஜிட்டல் என்பது படம் அனுப்பப்படும் முறை, எச்.டி. என்பது படத்தின் நுட்பம். சாதாரண செட்டாப் பாக்ஸ் டிஜிட்டலாயினும், தருவது பழைய நுட்பமுள்ள எஸ்.டி. படமே.

இந்த நுட்பத்தை நெசவாளர் எளிதில் உணரலாம். புட்டா ஒன்றைக் கட்டத்தாளில் வரைவது போல, டெலிவிஷன் படமும் புள்ளிகளால் ஆனது. நம் நாட்டு எஸ்.டி. படத்தில் குறுக்கே 720 புள்ளிகள் வரையும், மேலிருந்து கீழாக 576 வரிகளும் உண்டு. மொத்தம் சுமார் நான்கு லட்சத்துப் பதினைந்தாயிரம் புள்ளிகள். முழு எச்.டி. பெட்டியின் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080. இது சரியாக ஐந்து மடங்கு. 4கே எனப்படும் பெட்டியிலோ இருபது மடங்கு. அப்படியாயின், ஐந்தில் நான்கு புள்ளிகளைப் பெட்டி தானே ஊகித்து நிரப்ப வேண்டும். சிறிய கட்டத்தாளில் வரைந்த புட்டாவை ஐந்து மடங்கு கட்டமுள்ள தாளுக்கு மாற்றும்போது, நல்ல கைவேலைக்காரர் வளைவு கெடாமல் நிரப்புவார். அனுபவமற்றவர் படிக்கட்டுப் போலச் செய்துவிடுவார். பெட்டிக்குள் இவ்வேலையைச் செய்யும் சில்லு நல்லதா என்பதே நாம் கவனிக்க வேண்டிய முதல் விஷயம்.

இரண்டாவது ஒன்றும் உண்டு. எஸ்.டி. படம் ஒற்றை வரிகள் ஒரு முறையும், இரட்டை வரிகள் மறுமுறையுமாக, வினாடிக்கு 50 பாதிகளாக வருகிறது. பழைய குழாய்ப் பெட்டி அவற்றை வந்தபடியே வரைந்தது. தட்டைத் திரையோ இரண்டையும் சேர்த்து முழுப் படமாக்கியே காட்டும். சேர்க்கும் வேலை சரியாக நடைபெறாவிடில், அசையும் பொருளின் ஓரம் சீப்புப் பல் போலத் தெரியும்.

அளவும் தூரமும்

14 அங்குலப் பெட்டியில் படத்தின் உயரம் ஏறக்குறைய எட்டரை அங்குலம். 43 அங்குலப் பெட்டியில் 21 அங்குலம். அதே 576 வரிகள் இரண்டரை மடங்கு இழுக்கப்பட்டால் குறை கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரத்தில் அமர்ந்தால், எஸ்.டி. வரிகள் கண்ணுக்குத் தனித்தனியே தெரியா. இக்கணக்கின்படி 32 அங்குலப் பெட்டிக்கு 8 அடியும், 43க்குப் பத்தரை அடியும், 55க்குப் பதின்மூன்றரை அடியும் வேண்டும். தறி ஒரு பாதியை அடைத்துக்கொண்ட வீட்டில் இத்தனை தூரம் ஏது? கேபிள் மட்டுமே பார்க்கும் வீட்டிற்கு 32 அங்குலமே பொருத்தம். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்திற்கு மேற்பட்ட பெட்டிகளின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரி குறைந்தது, ஆனால் நம் வீட்டுச் சுவர் நகரவில்லை என்பதை மறத்தலாகாது.

கடையில் செய்ய வேண்டியவை

1. கடையில் ஓடுவது பெரும்பாலும் காட்சிக்கென்றே தயாரித்த உயர்நுட்பப் படம். அதைக் கண்டு தீர்மானிக்கலாகாது. எஸ்.டி. கேபிள் சேனல் ஒன்றை இணைத்துக் காட்டும்படி கேட்க வேண்டும். இயலாதெனில், அதே மாதிரிப் பெட்டியை வாங்கியவர் வீட்டில் பார்த்தபின் பணம் கட்டலாம்.

2. செய்திச் சேனலில் அடியில் ஓடும் எழுத்துக்களையும், கிரிக்கெட் பந்தின் ஓட்டத்தையும், அருகில் காட்டும் முகத்தையும் உற்று நோக்குக.

3. நேரே மட்டுமின்றி, பக்கவாட்டிலும், தரையில் அமர்ந்தும் பார்க்கவும். வீட்டில் அப்படித்தானே பார்க்கிறோம்!

4. நம்மிடமுள்ள செட்டாப் பாக்ஸில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பி மட்டுமே உண்டாயின், புதிய பெட்டியில் அதற்கான துளை இருக்கிறதா எனக் கேட்டறிக.

வீட்டில் செய்ய வேண்டியவை

செட்டாப் பாக்ஸில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் அதையே உபயோகிக்க வேண்டும். படத்தின் 'ஷார்ப்னெஸ்' அளவைக் குறைத்து, 'விவிட்' என்பதை விடுத்து, 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'சினிமா' என்பதை வைக்கவும். முகங்கள் பருத்துத் தெரிந்தால் படம் அகலவாக்கில் இழுக்கப்பட்டுள்ளது. 4:3 என மாற்றினால் சரியாகும். படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றால் அது பெட்டியின் குற்றமன்று; இணைப்புக் கம்பியின் தளர்ச்சியோ, மழைநீர் இறங்கியதோ காரணமாயிருக்கலாம். கேபிள்காரரை அழைப்பதே முறை.

மேற்சொன்ன அங்கத்தினர், ஷார்ப்னெஸ் அளவைக் குறைத்து, எச்.டி. பாக்ஸ் மாற்றி, தமக்கு வேண்டிய எச்.டி. சேனல்களை மட்டும் பெற்றுக்கொண்டார். மாதச் செலவு சிறிது கூடியது, படம் தெளிந்தது. இச்செலவை முன்கூட்டியே கணக்கிட்டிருந்தால் மனக்கசப்பு நேர்ந்திராது. பெட்டியின் விலையோடு பாக்ஸையும் மாதக் கட்டணத்தையும் கூட்டிப் பார்ப்பதே சரியான விலை.

அளவு பார்க்காமல் நாம் பாவு ஓட்டுவதில்லை; மண் பாராமல் விதைப்பதுமில்லை. அதே நிதானம் கடைவாசலிலும் நமக்குத் துணை நிற்கட்டும்.

பயிற்சி வினாக்கள்

1. டிஜிட்டல், எச்.டி. இரண்டிற்கும் உள்ள வேற்றுமை யாது?

2. உங்கள் வீட்டில் பெட்டிக்கும் அமரும் இடத்திற்கும் உள்ள தூரத்தை அளந்து, எத்தனை அங்குலப் பெட்டி பொருந்தும் எனக் கணக்கிடுக.

3. மங்கிய படம், கட்டமாக உடையும் படம் ஆகியவற்றுள் எதற்குக் கேபிள்காரரை அழைக்க வேண்டும்? ஏன்?